பதினொன்று நாற்பது

பழைய வேனை விற்பதென்று ஆனதும்
மின்சார பில்லின் முதுகில் கோடு கிழித்தேன்.
ஒரு பக்கம் டீசல், ஒரு பக்கம் ஹைபிரிட்.
நீ சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தாய்:
"ரெண்டுலயும் கடன் என் பேர்லதானே?"

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ்.
போக இருபத்தாறு கிலோமீட்டர், வர இருபத்தாறு.
அதில் பாலம் மட்டும் பாதிக்கு மேல்.
மதிய ஷிப்டுக்குப் போகிற நேரம்
லாரி ஏதாவது நடுவில் படுத்துவிட்டால்
கடலைப் பார்த்தபடி முக்கால் மணிநேரம்
முதல் கியரில் ஊர்வதும் உன் உத்தியோகம்தான்,
சம்பளம் இல்லாத பாதி.

பிக்கப் விற்கிற ஊய் செங் சொன்னான்:
"அக்கா, இப்ப டீசலும் பச்சைதான்.
பத்துல ஒரு பங்கு செம்பனை."
ஆக, நான் அப்பளம் பொரிக்கிற எண்ணெயின்
ஒன்றுவிட்ட தம்பி.

சின்னண்ணன் வீரசிங்கத்திடம் இதைச் சொன்னேன்.
நிபோங் திபாலில் லாரிக்குக் குலை ஏற்றுகிறவர்,
டன்னுக்கு இத்தனை என்று கூலி.
போனிலேயே இருமி இருமிச் சிரித்தார்.
"நான் தூக்கிப் போட்டத உன் வீட்டுக்காரர்
புகையா விடப் போறாரா? விடட்டும்.
என் முதுகுவலியும் கொஞ்சம் போகும் அதுல."
பச்சை என்ற சொல்லை
அதன்பிறகு அந்தத் தாளில் எழுதவில்லை.
ஒரே இரவில் ஏறியதே, அந்த விலையை
மட்டும் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஹைபிரிட் கடையில் பல் கிட்டும் ஏசி.
விற்கிற பெண், நூர் இஸ்ஸாத்தி,
பின்சீட்டு ஓரத்தில் விரல் வைத்தாள். சின்னச் சல்லடை.
மின்கலம் இதன் வழியாகத்தான் மூச்சு விடுமாம்.
எதையும் வைத்து அடைத்துவிடக் கூடாதாம்.
உன் பின்சீட்டை நினைத்துக்கொண்டேன்:
தொழிற்சாலைக் காலணி, மூன்று குடை,
போன தைப்பூசத்துக்கு வாங்கி
இன்னும் மடிப்புக் கலையாத வேட்டி.

மின்கலத்துக்கு உத்தரவாதம் எட்டு வருடம்.
வங்கிக் கடன் ஒன்பது.
அந்த ஒன்பதாவது வருடத்தை
நகத்தால் சுரண்டியபடி உட்கார்ந்திருந்தேன்.
யாரும் பொறுப்பேற்காத பன்னிரண்டு மாதம்.
"நம்ம கல்யாணத்துக்கு யாரு வாரண்டி குடுத்தா?" என்றாய்.
தமிழ் புரியாத இஸ்ஸாத்திதான் முதலில் சிரித்தாள்.

ஓட்டிப் பார்த்தோம்.
சிவப்பு விளக்கில் எஞ்சின் செத்தது என்று பயந்தேன்.
சாகவில்லை. சும்மா இருந்தது.
சும்மா இரு என்று
எத்தனை பேர் சொல்லியும் நமக்கு வராதது
அதற்கு வந்திருந்தது.

தாளில் எழுத முடியாதது ஒன்று உண்டு.
பதினொரு வருடமாக
இரவு பதினொன்று நாற்பதுக்கு
வளைவில் உன் வேன் உறுமும்.
நாலாம் மாடியில் நான் கல்லை அடுப்பில் வைப்பேன்.
லிஃப்ட் ஓடினால் இரண்டாம் தோசைக்கு வருவாய்,
ஓடாவிட்டால் நாலாவதுக்கு.
கீழ்வீட்டு மக்சிக் ரொஸ்னா
அதே உறுமலுக்கு விழித்து ஜன்னலைச் சாத்துவார்.

புதுக் காடி வந்த முதல் இரவு
சாவி திரும்பும் சத்தம்தான் முதலில் கேட்டது.
கல் ஆறிக் கிடந்தது.
கை கழுவிவிட்டு
முன்பின் சொல்லாமல் வந்த விருந்தாளி மாதிரி
ஓரமாக உட்கார்ந்தாய்.
மறுநாள் மக்சிக் நன்றி சொல்லிக்
கிண்ணம் நிறையப் பயறுக் கஞ்சி கொடுத்தனுப்பினார்.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன்.
ஃபிளாட் வாசலில், சாக்கடை மேல்
இரும்பு மூடி ஒரு மூலை தளர்ந்து கிடக்கிறது.
எந்த வண்டி ஏறினாலும் டடக்.
உன்னுடையதுக்கு மட்டும் ஒரு டக்,
கொஞ்சம் யோசித்து இன்னொரு டக்.
மின்கலத்துக்கு அடிபடுமோ என்று
பயந்து பயந்து ஏறுகிறாய்.

மூடியை மாற்றச் சொல்லி மனு.
மக்சிக் ரொஸ்னா மாடி மாடியாக ஏறி வருகிறார்.
முப்பத்தெட்டு கையெழுத்து ஆகிவிட்டதாம்.
பேனா எழுதவில்லை என்று சொன்னேன்,
இரண்டு தடவை.